அகதி கேஸ் "நம்ப முடியவில்லை" என்று ரிஜெக்ட் ஆனால் கோர்ட் எதைப் பார்க்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டில் ஆவண மொழிபெயர்ப்பு செய்கிறேன். பிறப்புச் சான்றிதழ், எஃப்.ஐ.ஆர்., கிரயப் பத்திரம் என்று எது வந்தாலும் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றி நோட்டரி கையெழுத்து வாங்கித் தருவது தொழில். பவானிசாகர், அரச்சலூர் இலங்கைத் தமிழர் முகாம்களிலிருந்தும், கோவைப் பக்கம் பூலுவபட்டியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். சமீப காலமாக நம் ஊர்க்காரர்களும் வருகிறார்கள். போனை நீட்டி, "இதுல என்ன போட்டிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க" என்பார்கள். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மகனோ தங்கையோ அனுப்பிய நிராகரிப்புக் கடிதமாக இருக்கும். பெரும்பாலும் ஒரே காரணம்: சொன்னதை நம்ப முடியவில்லை.

படித்துச் சொன்னதும் அதே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வரும். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். நான் வக்கீல் இல்லை. முடிவெடுக்க அந்த நாட்டு வக்கீல் கட்டாயம் வேண்டும். ஆனால் அவர் பேசுவது புரிய இது உதவும். அதிகம் வருவது கனடா கேஸ் என்பதால் அதை வைத்தே எழுதுகிறேன். லண்டன் எங்கே வேறுபடுகிறது என்பதைத் தனியாகச் சொல்கிறேன்.

ஏனுங்க, கோர்ட்டுக்குப் போனா பையன் சொன்னதெல்லாம் நிஜம்னு ஜட்ஜ் எழுதிக் கொடுத்துருவாருங்களா?

எழுத மாட்டார். இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஜூடிசியல் ரிவ்யூ என்பதைத் தமிழில் நீதிமுறை மீளாய்வு என்கிறார்கள். உங்கள் மகனுக்கு என்ன நடந்தது என்று அங்கே யாரும் மறுபடி விசாரிப்பதில்லை. அவனை நம்பாதவர் எப்படி அந்த முடிவுக்கு வந்தார் என்பதைத்தான் விசாரிக்கிறார்கள்.

மஞ்சள் மண்டியை நினைத்துப் பாருங்கள். மூட்டையை மறுபடி நிறுத்து விலை சொல்வது இந்த ஜட்ஜின் வேலை இல்லை. தராசு சரியாக இருந்ததா, எல்லா மூட்டையும் தராசில் ஏறியதா, சீட்டில் எழுதிய கணக்கைக் கூட்டினால் வருகிறதா என்று பார்ப்பார். கனடா சுப்ரீம் கோர்ட் 2019 டிசம்பரில் வாவிலோவ் வழக்கில் இதை விரிவாகச் சொன்னது. எழுதிய காரணங்கள் ஒன்றோடொன்று ஒட்ட வேண்டும், சாட்சியத்தோடும் சட்டத்தோடும் பொருந்த வேண்டும். அப்படி இருந்தால், ஜட்ஜுக்கே தனிப்பட்ட முறையில் வேறு கருத்து இருந்தாலும் முடிவை விட்டுவிடுவார். காரணத்தில் ஓட்டை இருந்தால் ரத்து செய்வார்.

அப்பீலும் இதுவும் ஒண்ணுதானே? ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொல்றாங்க.

வேறு வேறு. கனடாவில் முதலில் விசாரிப்பது குடிவரவு, அகதிகள் வாரியத்தின் அகதிப் பாதுகாப்புப் பிரிவு. அங்கே தோற்றால் அதே வாரியத்தின் மேல்முறையீட்டுப் பிரிவு இருக்கிறது. 2012 டிசம்பரில் தொடங்கினார்கள். இதுதான் அப்பீல். அவர்கள் விசாரணையின் ஒலிப்பதிவைக் கேட்டு, சாட்சியத்தைத் தாங்களே எடைபோட்டு, கீழே தப்பு நடந்திருந்தால் திருத்தலாம், அகதி என்றே அறிவிக்கலாம். 2016-ல் ஹுருக்லிகா வழக்கில் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. நேரில் பார்த்துக் கேட்டவருக்கு உண்மையிலேயே கூடுதல் வசதி இருந்த இடத்தில் மட்டும் அவர் சொன்னதற்குக் கொஞ்சம் மதிப்புக் கொடுக்கலாம் என்றது.

அங்கேயும் தோற்றால்தான் ஃபெடரல் கோர்ட். அது அப்பீல் இல்லை, மீளாய்வு. அங்கே நேராக நுழையவும் முடியாது. முதலில் அனுமதி கேட்க வேண்டும். ஒரு ஜட்ஜ் பேப்பரை மட்டும் படித்து, வாதத்துக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பார். அனுமதி இல்லை என்றால் பெரும்பாலும் காரணம்கூட எழுத மாட்டார்கள், அதன் மேல் அப்பீலும் கிடையாது. "ஒரே வரியில முடிச்சுட்டாங்களே" என்று கலங்கிப் போய் வருகிறவர்கள் இந்தக் கட்டத்தில் விழுந்தவர்கள்.

எத்தனை நாள் டைம்?

கனடாவுக்குள் எடுத்த முடிவு என்றால் ஃபெடரல் கோர்ட்டுக்குப் போக 15 நாள். மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகிறோம் என்று நோட்டீஸ் கொடுக்கவும் 15 நாள்தான். தகுந்த காரணம் இருந்தால் நாள் நீட்டிக் கொடுக்கச் சொல்லி ஜட்ஜிடம் கேட்கலாம், ஆனால் நம்பி இருக்கக் கூடாது. கோர்ட் கட்டணம் 50 டாலர்தான். வக்கீல் செலவுதான் பெரிது. வசதி இல்லாதவர்களுக்கு ஒன்டாரியோ போன்ற மாகாணங்களில் சட்ட உதவி இருக்கிறது, அதைக் கடிதம் வந்த அன்றே கேட்க வேண்டும்.

15 நாளில் பாதி நம் பக்கமே போய்விடுகிறது. மகன் கடிதத்தை வாட்ஸ்அப்பில் இங்கே அனுப்புகிறான், அப்பா வேலைக்குப் போய்விடுகிறார், ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கொண்டு வருகிறார்கள். அதற்குள் 9 நாள் ஆகியிருக்கும். தயவுசெய்து கடிதம் முதலில் வக்கீலுக்குப் போகட்டும், அப்புறம் எனக்கு.

"நம்பகத்தன்மை இல்லை"ன்னா பொய் சொன்னான்னு அர்த்தமா?

சில நேரம் அப்படித்தான். பல நேரம் இல்லை. கடிதத்தை நிதானமாகப் படித்தால் நாலைந்து வகைக் காரணம் தெரியும். படிவத்தில் எழுதியதும் வாயால் சொன்னதும் முரண்படுகிறது என்பார்கள். முக்கியமான சம்பவத்தைப் படிவத்தில் எழுதாமல் விட்டுவிட்டு விசாரணையில் சொன்னான் என்பார்கள். அப்படியெல்லாம் நடந்திருக்க வாய்ப்பில்லை என்பார்கள். ஆவணம் சந்தேகமாக இருக்கிறது என்பார்கள். போய் இறங்கியதும் கேட்காமல் ஏன் தாமதமாகக் கேட்டான் என்பார்கள்.

எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் கோர்ட் ஒவ்வொன்றையும் வேறு மாதிரி பார்க்கிறது. நம்பவில்லை என்றால் அதை ஐயமில்லாமல், தெளிவான சொற்களில் எழுத வேண்டும் என்று 1991-லேயே ஹிலோ வழக்கில் சொல்லிவிட்டார்கள். "கொஞ்சம் தெளிவில்லாமல் இருந்தது" என்று பட்டும் படாமலும் எழுதிவிட்டு ரிஜெக்ட் செய்தால் அதுவே ஒரு வாதம்.

முகாம்ல இருக்கிற நாங்க இந்தியாவுலயே இப்படிக் கேஸ் போட்டு அகதி அந்தஸ்து வாங்க முடியாதா? 40 வருஷமா இங்கதானே இருக்கோம்.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் பதில் சொல்ல எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. இவர் அகதியா இல்லையா என்று ஒருவரை உட்கார வைத்துக் கேட்டு முடிவு சொல்லும் சட்டம் இங்கே இல்லை. முடிவே இல்லாத இடத்தில் மீளாய்வு எதை? 1983-க்குப் பிறகு வந்தவர்களுக்கு அரசு முகாம், உதவித்தொகை, அரிசி எல்லாம் நிர்வாக உத்தரவால் வந்தவை. 2021-ல் தமிழக அரசு "அகதிகள் முகாம்" என்பதை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. பெயர் மாறியதில் ஒரு மரியாதை இருக்கிறது, சட்ட நிலை அதனால் மாறவில்லை.

ஒரு குறிப்பிட்ட அரசு உத்தரவு உங்களைப் பாதித்தால் அரசியலமைப்பின் 226-வது பிரிவில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். வாழும் உரிமையைச் சொல்லும் 21-வது பிரிவு குடிமகன் அல்லாதவருக்கும் பொருந்தும். ஆனால் அது வேறு பாதை.

சத்தியம் பண்ணிச் சொன்னா நம்பணும்னு சட்டமே இருக்குதாமே?

இருக்கிறது. 1979-ல் மால்டொனாடோ வழக்கில் சொன்னது இது: உறுதிமொழி எடுத்துச் சொன்ன சாட்சியத்தை, சந்தேகிக்கக் காரணம் இல்லாதவரை, உண்மை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். வக்கீல்கள் எல்லா மனுவிலும் இதை எழுதுவார்கள்.

"காரணம் இல்லாதவரை" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதிகாரி உருப்படியான காரணம் ஒன்று காட்டிவிட்டால் இந்த அனுமானம் போய்விடும். அப்புறம் ஆதாரம் கேட்பார்கள். காரணமே காட்டாமல், "இதற்குப் பேப்பர் ஆதாரம் இல்லை, அதனால் நம்பவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தால் மால்டொனாடோவைப் பிடித்துக்கொள்ளலாம்.

எங்க பையன் ஒரே ஒரு அண்ணன்னு ஃபாரத்துல எழுதிட்டு, விசாரணையில வேற அண்ணனைச் சொல்லிட்டானாம். இதுக்கெல்லாமா ரிஜெக்ட் பண்ணுவாங்க?

பண்ணுகிறார்கள். நான் அதிகம் வருத்தப்படும் வகை இதுதான். பெரியப்பா மகனும் நமக்கு அண்ணன்தான், சித்தி மகனும் அண்ணன்தான். படிவத்தில் "உடன்பிறந்தோர்" என்று கேட்டபோது கூடப்பிறந்த ஒருவரை எழுதியிருப்பான். "அண்ணனைப் பிடிச்சுட்டுப் போனாங்க" என்று வாயால் சொன்னபோது பெரியப்பா மகனைச் சொல்லியிருப்பான். ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லாக விழுந்து, "எத்தனை சகோதரர்கள் என்பதில் முரண்பாடு" என்று ஒரு பத்தி ஆகிவிடும்.

இதைவிட நுணுக்கமான ஒன்றை ஒரு கடிதத்தில் பார்த்தேன். பவானிசாகரில் பிறந்து வளர்ந்த பையன், பேச்சு முழுக்க நம் கொங்குப் பேச்சு. "எங்க அப்பாரு போர்லயே இறந்துட்டாரு" என்று சொல்லியிருக்கிறான். நமக்கு அப்பாரு என்றால் தாத்தா. அங்கே உட்கார்ந்திருந்த மொழிபெயர்ப்பாளருக்கு அது அப்பாவாகக் கேட்டிருக்கிறது. படிவத்திலோ அப்பா உயிரோடு இருக்கிறார், முகாமில் குடியிருக்கிறார் என்று இருக்கிறது. தீர்ப்பில் அதை "மைய முரண்பாடு" என்று எழுதிவிட்டார்கள். அந்த அப்பா என் எதிரில் உட்கார்ந்து, நான் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசுகிறவரின் வார்த்தைகளைப் பூதக்கண்ணாடி வைத்துத் தோண்டக் கூடாது என்று 1989-ல் அட்டகோரா வழக்கில் சொன்னார்கள். சில்லறை முரண்பாடுகளை மட்டும் கூட்டிக் கேஸைத் தள்ளியிருந்தால் கோர்ட் தலையிடும். ஆனால் கேஸின் உயிர்நாடியான சம்பவத்தில் முரண்பாடு இருந்தால் அட்டகோரா காப்பாற்றாது.

அப்ப மொழிபெயர்ப்பாளர் தப்புன்னு சொல்லிக் கேஸை ஜெயிக்கலாமா?

முடியும், ஆனால் நேரத்தோடு சொல்லியிருக்க வேண்டும். 2001-ல் முகமதியன் வழக்கில் வகுத்த விதி: மொழிபெயர்ப்பு தொடர்ச்சியாக, துல்லியமாக, திறமையாக, பாரபட்சமின்றி, உடனுக்குடன் இருக்க வேண்டும். இல்லை என்று நிரூபித்தால், அதனால் கெடுதல் நடந்தது என்று தனியாகக் காட்ட வேண்டியதுகூட இல்லை. ஆனால் தப்பு தெரிந்த உடனே ஆட்சேபிக்க வேண்டும். விசாரணையில் "புரியலைங்க, வேற மாதிரி சொல்றாரு" என்று சொல்லாமல் தலையாட்டிவிட்டு, தோற்ற பிறகு சொன்னால் எடுபடாது.

ஆங்கிலம் கொஞ்சமும் தெரியாதவனுக்குத் தப்பு எப்படித் தெரியும்? தெரியாதுதான். அதனால் ரிஜெக்ட் ஆனதும் ஒலிப்பதிவைக் கேட்டு வாங்கி, இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். ஒரு ஒலிப்பதிவில் "முகாம்" என்ற சொல் ஏழெட்டு இடத்தில் வந்தது. சில இடத்தில் ராணுவ முகாம், சில இடத்தில் நம் அகதி முகாம். எல்லாம் ஒரே சொல்லாகப் போயிருந்தது. "முகாமில் 2 மாதம் அடைத்து வைத்தார்கள், அப்புறம் முகாமில் பள்ளிக்கூடம் போனேன்" என்பதை அந்த அதிகாரி எப்படிப் புரிந்துகொண்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். இப்படிப்பட்ட ஒப்பீட்டைச் சத்தியப் பிரமாணத்தோடு மேல்முறையீட்டுப் பிரிவிலேயே கொடுக்க வேண்டும். அங்கே எழுப்பாத குறையை ஃபெடரல் கோர்ட்டில் புதிதாகக் கொண்டு போனால் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள்.

"இப்படி நடந்திருக்கவே முடியாது"ன்னு எழுதியிருக்காங்க. நடந்துச்சுங்க! அவங்க வந்து பார்த்தாங்களா?

இந்தக் கோபம் நியாயமானது, சட்டமும் ஓரளவு உங்கள் பக்கம் இருக்கிறது. பணம் கொடுத்து ராணுவத்திடமிருந்து மகனை மீட்டோம் என்றால், "தேடப்படுகிறவனைப் பணத்துக்கு விட்டிருக்க மாட்டார்கள்" என்று அதிகாரி எழுதுவார். அவர் ஊரில் நடக்காதது வேறு ஊரிலும் நடக்காது என்ற நினைப்பு அது. 2001-ல் வால்ட்செவ் வழக்கில், மிகத் தெளிவான நேரங்களில் மட்டுமே இப்படி "நடந்திருக்க வாய்ப்பில்லை" என்று சொல்லலாம், வேறு கலாச்சாரத்தில் வளர்ந்தவரின் நடத்தையைத் தன் ஊர் அளவுகோலால் அளக்கக் கூடாது என்றார்கள். இங்கிலாந்திலும் 2006-ல் எச்.கே. வழக்கில் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள்.

ரிஜெக்ட் கடிதத்தில் முரண்பாடு எதுவும் காட்டாமல் இந்த "நடக்காது" மட்டுமே இருந்தால் நல்ல மீளாய்வு கேஸ் என்று வக்கீல்கள் சொல்வார்கள். அதோடு ஒன்று. உங்கள் ஊரில் அப்படி நடப்பது வழக்கம்தான் என்று காட்டும் அறிக்கை ஃபைலிலேயே இருந்து, அதை அதிகாரி தொடாமல் விட்டிருந்தால் கேஸ் இன்னும் பலம். எல்லா ஆவணத்தையும் பெயர் சொல்லி எழுத வேண்டியதில்லை. ஆனால் முடிவுக்கு நேர் எதிராக இருக்கும் முக்கிய ஆவணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால், பார்க்காமல் விட்டார் என்றே கோர்ட் நினைக்கலாம்.

உடம்புல தழும்பு இருக்குது, டாக்டர் எழுதியும் கொடுத்திருக்காரு. அதையும் நம்பலைன்னா எப்படி?

இதில் இங்கிலாந்துத் தீர்ப்புகள் இரண்டைத் தெரிந்துகொள்ளுங்கள். 2005-ல் மிபாங்கா: முதலில் "இவன் பொய்யன்" என்று முடிவு கட்டிவிட்டு, அப்புறம் டாக்டர் ரிப்போர்ட்டை எடுத்து "பொய்யன் சொன்னதை வைத்து எழுதியது" என்று தள்ளக் கூடாது. எல்லாச் சாட்சியத்தையும் சேர்த்து வைத்துத்தான் நம்புவதா இல்லையா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, 2019 மார்ச்சில் இங்கிலாந்து சுப்ரீம் கோர்ட் சொன்ன கே.வி. வழக்கு. இலங்கைத் தமிழர். சூடு வைத்த தழும்புகள். கேஸுக்காக அவரே வேறொருவரை வைத்துச் சூடு போட்டுக்கொண்டிருப்பார் என்று கீழே முடிவு கட்டினார்கள். சித்திரவதை உண்மையிலேயே நடக்கும் நாட்டிலிருந்து வந்தவர் அப்படிச் செய்துகொள்வது மிக மிக அபூர்வம், அதை மறந்துவிட்டு எடைபோடக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் சொல்லி, மறுபடி விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. சித்திரவதைக் காயங்களைப் பதிவு செய்யும் சர்வதேச முறையான இஸ்தான்புல் நெறிமுறைப்படி டாக்டர் ரிப்போர்ட் இருந்தால் மதிப்பு அதிகம். தழும்பு சொன்ன கதையோடு "ஒத்துப்போகிறது", "மிகவும் ஒத்துப்போகிறது", "அப்படிப்பட்ட காயத்துக்கே உரியது" என்று படிப்படியாகச் சொல்லும் முறை அது. "தழும்பு உள்ளது" என்று ஒரு வரி எழுதிச் சீல் குத்திய சான்றிதழால் பயன் குறைவு.

தங்கச்சி லண்டன்ல இருக்கா. அங்கயும் இதே வழிதானா?

வழி வேறு. உள்துறை ரிஜெக்ட் செய்தால் 14 நாளுக்குள் முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் அப்பீல். அங்கே ஜட்ஜ் நேரில் கேட்டு, நம்பகத்தன்மையைத் தானே புதிதாக முடிவு செய்வார். கனடாவைவிட இது நல்லது. அதற்கு மேல் போக, சட்டத் தவறு காட்டி அனுமதி வாங்க வேண்டும். ஜூடிசியல் ரிவ்யூ என்று அங்கே சொல்வது, "அடிப்படையே இல்லாத கேஸ்" என்று முத்திரை குத்தி அப்பீலை மறுத்தவர்களுக்கும், புதிய ஆதாரத்தைப் புதுக் கேஸாக ஏற்க மறுக்கப்பட்டவர்களுக்கும்தான் பெரும்பாலும். அதற்கு அதிகபட்சம் 3 மாதம். உடனே போவதே முறை.

2022 ஜூன் 28 முதல் கேட்டவர்களுக்கு அங்கே சட்டம் இறுகிவிட்டது. தனக்கு உண்மையில் பயம் இருக்கிறது என்பது போன்ற பகுதியை, இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு அதிகம் என்ற அளவுக்குக் காட்ட வேண்டும். முன்பு இதைவிடக் குறைந்த அளவே போதுமாக இருந்தது. தாமதம், பாஸ்போர்ட்டை மறைத்தல் போன்ற நடத்தையைக் கணக்கில் எடுக்கச் சொல்லும் 2004-ம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது.

நாங்க இந்தியாக்காரங்க, கோபிப் பக்கம். மக கலப்புக் கல்யாணம் பண்ணிட்டு உசுருக்குப் பயந்து கனடா போயிட்டா. அவ சொன்னதை நம்புறோம், ஆனா ரிஜெக்ட்னு போட்டிருக்கே?

கடிதத்தில் இன்னொரு காரணம் இருக்கும். "இந்தியா பெரிய நாடு, வேறு ஊரில் பத்திரமாக இருக்கலாம்" என்று. உள்நாட்டிலேயே மாற்று இடம் என்பார்கள். இங்கே ஆணவக் கொலை என்பது கற்பனை இல்லை. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடந்ததை நாடே வீடியோவில் பார்த்தது. அதை அதிகாரியும் மறுக்க மாட்டார். "டெல்லியிலோ கொல்கத்தாவிலோ தேடி வருவார்களா?" என்றுதான் கேட்பார்.

இந்த விதியை வகுத்த கனடா வழக்குகளின் பெயர்களே நம் பெயர்கள்: 1991-ல் ரசரத்தினம், 1993-ல் திருநாவுக்கரசு. அந்த மாற்று இடத்தில் ஆபத்துக்கான உண்மையான வாய்ப்பு இருக்கக் கூடாது, அங்கே போய் வாழச் சொல்வது நியாயமாகவும் இருக்க வேண்டும். ஒளிந்து வாழ்ந்தால்தான் பத்திரம் என்றால் அது மாற்று இடமே இல்லை. பெற்றோர், உறவினரிடம்கூட எங்கே இருக்கிறோம் என்று சொல்ல முடியாமல் இருப்பதும் ஒளிந்து வாழ்வதற்குச் சமம் என்று ஃபெடரல் கோர்ட் சில தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. கலப்புக் கல்யாணக் கேஸுக்கு இது மிக முக்கியம். அதேநேரம், "அங்கே சொந்தக்காரர் இல்லை, வேலை கிடைப்பது கஷ்டம்" என்பது மட்டும் போதாது என்று 2000-ல் ரங்கநாதன் வழக்கு சொல்கிறது.

சிக்கல் என்னவென்றால், நம்பவில்லை, நம்பினாலும் வேறு ஊருக்குப் போகலாம் என்று இரண்டு காரணம் எழுதியிருந்தால், முதலாவதை உடைத்தால் மட்டும் போதாது. இரண்டாவது நின்றால் முடிவும் நிற்கும். பணம் கட்டும் முன் வக்கீலிடம், "ரெண்டையும் உடைக்க முடியுங்களா?" என்று நேராகக் கேளுங்கள்.

இப்பத்தான் ஒரு லெட்டர் கிடைச்சுது. கோர்ட்ல கொடுத்தா நம்புவாங்கல்ல?

ஃபெடரல் கோர்ட்டில் பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். முதல் கேள்வியில் சொன்ன தராசுதான்: அன்று தராசில் ஏறிய மூட்டைகளை வைத்தே கணக்குப் பார்ப்பார்கள். விசாரணை முறையில் அநியாயம் நடந்தது என்று காட்டும் ஆதாரம் விதிவிலக்கு. மொழிபெயர்ப்பு ஒப்பீடு இந்த வகையில் சேரும்.

மேல்முறையீட்டுப் பிரிவில் கொடுக்கலாம், ஆனால் ரிஜெக்ட் ஆன பிறகு வந்ததாகவோ, அதற்கு முன் நியாயமாகக் கிடைத்திருக்க முடியாததாகவோ இருக்க வேண்டும். 2018-ல் வீட்டு அலமாரியில் இருந்த கடிதத்தை இப்போது எடுத்துக் கொடுத்தால் "அப்போதே ஏன் தரவில்லை?" என்பார்கள். கோர்ட்டிலும் தோற்றபின், திருப்பி அனுப்பும் முன் ஆபத்தைக் கணிக்கும் ஒரு மனு இருக்கிறது. அதற்குப் பொதுவாக 12 மாதம் காத்திருக்க வேண்டும்.

ஒரு சர்டிபிகேட் "ரெடி பண்ணி" அனுப்பலாமுங்களா? தேதியை மட்டும் கொஞ்சம் மாத்தி டைப் பண்ணிக் கொடுங்க.

மாட்டேன். இப்படிக் கேட்டு வந்தவர்களை உட்கார வைத்து விளக்கியிருக்கிறேன், யாரையும் திட்டி அனுப்பியதில்லை. பிள்ளை திரும்பி வந்துவிடுவானோ என்ற பயத்தில் கேட்கிறார்கள், அது புரிகிறது. ஆனால் ஒரு போலிப் பேப்பர், உண்மையான பத்துப் பேப்பரையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். அந்த ஒன்றை வைத்தே மற்றதையும் நம்ப மறுக்க அதிகாரிக்கு வழி கிடைக்கிறது, கோர்ட்டும் அதை நியாயம் என்றே சொல்லும்.

இன்னும் மோசமாக, "நம்பத்தகுந்த அடிப்படையே இல்லை" என்றோ "அப்பட்டமாக ஆதாரமற்றது" என்றோ எழுதிவிட்டால் மேல்முறையீட்டுப் பிரிவுக்கே போக முடியாது. நேராக ஃபெடரல் கோர்ட்தான்.

கோர்ட்ல கேஸ் இருக்கிறப்பவே பிளேன் ஏத்தி அனுப்பிடுவாங்களா?

மேல்முறையீட்டுப் பிரிவின் முடிவை எதிர்த்து 15 நாளுக்குள் போயிருந்தால், சில விதிவிலக்குகள் தவிர, கோர்ட் முடிவு சொல்லும் வரை அனுப்புவது தானாக நிற்கும். மேலே சொன்ன "அடிப்படையே இல்லை" வகைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவர்கள் தனியாகத் தடை உத்தரவு கேட்க வேண்டும். 1988-ல் டோத் வழக்கில் சொன்ன மூன்றையும் காட்ட வேண்டும்: வாதத்தில் சாரம் இருக்கிறது, அனுப்பினால் சரிசெய்ய முடியாத கேடு வரும், நிறுத்தி வைப்பதே இரு தரப்பையும் பார்க்கும்போது பொருத்தம்.

ஜெயிச்சா பி.ஆர்., அதாவது அங்கயே நிரந்தரமாத் தங்குற உரிமை, வந்துருமுங்களா?

வராது. பழைய முடிவு ரத்தாகி, வாரியத்தின் வேறொரு உறுப்பினர் மறுபடி பார்ப்பார். அவரும் வேறு நல்ல காரணம் எழுதி ரிஜெக்ட் செய்யலாம். முதல் விசாரணையில் சொன்னவை ஃபைலில் அப்படியே இருக்கும், இந்த முறை சொல்வதோடு ஒப்பிடுவார்கள். அதனால் பழைய ஒலிப்பதிவை மகன் முழுதாகக் கேட்டுவிட்டுப் போக வேண்டும். மனப்பாடம் செய்ய அல்ல. எங்கே தவறாகப் பதிவாகியிருக்கிறது என்று தெரிந்து, தானே முதலில் எடுத்துச் சொல்ல.

முதல் ஆளு சரியில்லைங்க, படிவத்தை அவரே எழுதிட்டாரு. அதைச் சொல்லலாமா?

சொல்லலாம். ஆனால் அந்த வக்கீலுக்கோ ஆலோசகருக்கோ முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்து, பதில் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அவர் தவறால் முடிவே மாறியிருக்கக்கூடும் என்றும் காட்ட வேண்டும். அவரோடு பேசிய செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள்.

இங்க இருந்து நான் என்னதான் செய்யறது, சொல்லுங்க.

பவானிசாகரிலிருந்து வந்த ஒரு அம்மா இப்படிக் கேட்டார். அவரிடம் சொன்னதையே எழுதுகிறேன். முகாம் பதிவு அட்டை, பழைய குடும்ப அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் இருக்கிறபடியே முன்பக்கம் பின்பக்கம் போட்டோ எடுத்து அனுப்புங்கள். பெயர் ஒன்றில் "செ" என்றும் இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாகவும் இருந்தால் திருத்தப் போகாதீர்கள். ஏன் வேறுபடுகிறது என்று ஒரு சத்தியப் பிரமாணத்தில் எழுதலாம். சொந்தபந்தம் முழுவதையும் ஒரு தாளில் மரம் போல வரையுங்கள். யார் கூடப்பிறந்தவர், யார் பெரியப்பா மகன், யார் அப்பாரு என்று பக்கத்திலேயே எழுதுங்கள். நடந்ததை நீங்கள் எழுதும்போது உங்களுக்கு நேராகத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள், மகன் சொல்லிக் கேட்டதைச் சேர்க்காதீர்கள். "ஆடி 18-க்கு மறுநாள்" என்றுதான் நினைவிருக்கிறது என்றால் அப்படியே எழுதுங்கள். ஆங்கிலத் தேதியை ஊகித்துப் போட வேண்டாம், அதைக் கணக்குப் பார்த்துக் குறிப்பாகச் சேர்ப்பது என் வேலை.

அப்புறம், கடிதத்தைப் போட்டோ எடுத்து அனுப்பும்போது எல்லாப் பக்கத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு வருவதில் பாதி, முதல் பக்கம் மட்டும்தான். காரணம் எழுதியிருப்பது உள்ளே. அந்த அம்மாவின் மகனும் அப்படித்தான் ஒரு பக்கம் அனுப்பியிருந்தான். 14 பக்கமும் மறுநாள் ராத்திரி வந்தது. ஆறாம் பக்கத்தில்தான் "முகாம்" இருந்தது.